மெமோவுக்குப் பதிலாக ஐம்பது கிலோமீட்டர்

கோபத்தில்தான் அந்த சைக்கிள் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். இப்போது யாராவது கேட்டால் உடம்புக்கு நல்லது, ஒரு அனுபவம் என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். அன்றைக்கு எனக்குள் இருந்தது கோபம் மட்டும்தான். அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது. சங்கரன்கோவிலில் குடியிருந்துகொண்டு, திருவேங்கடம் ரோட்டை ஒட்டிய ஐந்து கரிசல் கிராமங்களுக்கு நர்ஸாக இருந்தேன். பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். ஊர்களெல்லாம் உள்ளே தள்ளிக் கிடந்தன. அதனால் எனக்கு சைக்கிள்தான். கேரியரில் மருந்துப் பை, ஹாண்டில்பாரில் தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பிளாஸ்க். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். குச்சியால் நோண்டி எடுத்து, பத்தடி உருட்டி, மறுபடியும் நோண்ட வேண்டும். அப்படிப் போய்த்தான் பிரசவம் பார்த்திருக்கிறேன்.

எங்கே போனேன், என்ன வேலை பார்த்தேன் என்பதை டூர் டைரியில் எழுதி, மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஆனி மாதக் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொருவருடைய டைரியாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் என்னுடையதில் நின்றார். ஒரே நாளில் ஐந்து ஊருக்கும் போனதாக எழுதியிருந்தேன். போலியோ சொட்டு மருந்தை ஐஸ் உருகுவதற்குள் கொடுத்து முடிக்க வேண்டியிருந்த நாள் அது. போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் வரும்.

"இது எங்க உக்காந்து எழுதுனது? பஸ் ஸ்டாண்ட்லயா?" என்றார்.

கூட்டத்தில் சிரிப்பு. பக்கத்து சென்டர் நர்ஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சைக்கிள்ல போனேன் சார்."

"ஒரு பொம்பள ஒரே நாள்ல இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சு, வேலையும் பாத்தீங்க. அத நான் நம்பணும்."

"நம்பலைன்னா நாளைக்கு எம்பின்னால வாங்க சார். உங்களுக்கு ஜீப்பு இருக்கு, காலு வலிக்காது."

இரண்டாவது சிரிப்பு இதற்குத்தான் வந்தது. மறு வாரம் எனக்கு மெமோ வந்தது. 'மேற்படி பெண் ஊழியர் ஒரே நாளில் மிதிவண்டியில் இத்தனை தூரம் பயணம் செய்ததாகக் குறிப்பிட்டிருப்பது நம்பத்தகுந்ததாக இல்லை. தக்க ஆதாரத்துடன் விளக்கம் அளிக்கவும்.' ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? ஊர்க்காரர்கள் ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் சொல்லித்தானே போட்டிருப்பார்கள் என்று திருப்பிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தேரடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். ஊரில் உள்ள இளைஞர் மன்றம் ஒன்று ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் போட்டி நடத்துகிறது. சங்கரன்கோவிலில் புறப்பட்டு, புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூர் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். மொத்தம் ஐம்பது கிலோமீட்டர். கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான் அனுமதி. கீழே ஒரு வரி: 'வட்டாரத்தைச் சேர்ந்த அனைவரும் கலந்துகொள்ளலாம்.'

அந்த 'அனைவரும்' என்ற வார்த்தையை இரண்டு தடவை வாசித்தேன். நேரே மன்றத்துக்குப் போனேன்.

மன்றத்தின் செயலாளர் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசுவார். கையில் பேனாவை எடுத்துக்கொண்டு, "யாரு பேருக்கும்மா? தம்பிக்கா?" என்றார்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

பேனா கீழே போய்விட்டது. "பொம்பளையாளுகளுக்கு இல்லம்மா இது."

"நோட்டீஸ்ல அப்படிப் போடலையே. அனைவரும்னுதான போட்டிருக்கு?"

"அது அப்படித்தான் போடுதது. படிக்கிறவங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியல அண்ணாச்சி. நானும் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவதான்."

மேஜையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர், "சேல சக்கரத்துல மாட்டி விழுந்தா யாரு பதில் சொல்லுதது?" என்றார்.

"தினமும் சேல கட்டித்தான் ஓட்டுதேன். ஏழு வருசமா யாராச்சும் பதில் சொன்னீங்களா? இப்ப மட்டும் எதுக்குச் சொல்லணும்?"

நான் இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் பேர் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கடைசியில் செயலாளர், "பாதியில நின்னுட்டீகன்னா வேன் பின்னாலயே வரும், ஏறிக்கிடணும், என்ன?" என்று சொல்லிப் பேரை எழுதினார். எண்பத்தி மூன்று என்று ஒரு அட்டை கொடுத்தார். வாசுதேவநல்லூரில் திரும்பும் இடத்தில் அட்டையின் பின்பக்கம் சீல் குத்துவார்கள், அது இருந்தால்தான் கணக்கு என்றார். சீல் என்றதும் எனக்குக் காது குளிர்ந்தது.

வீட்டில் சொன்னபோது பவர்லூமில் இருந்து அப்போதுதான் வந்திருந்த என் கணவர், தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் நின்று கேட்டார். "ஏட்டி, உனக்கு எதுக்கு இந்த வம்பு? கடைசியா வந்தா ஊரே சிரிக்கும்."

"ஏற்கெனவே சிரிச்சாச்சு. இனி சிரிக்கதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல."

"நான் பாக்க வரமாட்டேன்."

"வராண்டாம்."

அதற்குப் பிறகு போட்டி வரைக்கும் வீட்டில் உப்பு, புளி தவிர வேறு பேச்சு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ராஜபாளையம் பக்கமிருந்துகூட ஆள் வந்திருந்தது. சைக்கிளை இலேசாக்குவதற்காகப் பெரும்பாலானவர்கள் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டிருந்தார்கள். என்னுடையது சேலை மாட்டாமலிருக்கப் பின்சக்கரத்தில் வலை போட்ட லேடீஸ் சைக்கிள். நான் ஒன்றையும் கழற்றவில்லை. மருந்துப் பையைக்கூட கேரியரில் கட்டியிருந்தேன். பஞ்சர் சாமான், பம்பு, தண்ணீர் எல்லாம் அதற்குள் இருந்தன. தினமும் எப்படிப் போகிறேனோ அப்படித்தான் போவேன், இல்லாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்? டூட்டிச் சேலையைச் சற்று ஏற்றிக் கட்டி, முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகி, அட்டையை ஊக்கால் தோளில் குத்தியிருந்தேன்.

"ஊசி போடவா வந்திருக்கீக?" என்று ஒருத்தன் கேட்டான். "ஆமா, யாருக்குன்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

விசில் ஊதியதும் கூட்டம் பாய்ந்தது. நான் பாயவில்லை. இந்த ஊரில் ஆடி மாதம் மேற்கே சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியும். மலைக் கணவாயில் இருந்து புறப்பட்டு வழியில் தடுக்க ஒன்றும் இல்லாமல் வந்து முகத்தில் அறையும். புளியங்குடி வரைக்கும் அது நேர் எதிரே. ஊரைத் தாண்டியதுமே புழுதி கண்ணை மூடியது. முதல் இரண்டு கிலோமீட்டர் பறந்தவர்களெல்லாம் ஐந்தாவது கிலோமீட்டரில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் கவிழ்த்து, ஹாண்டில்பாருக்கு நேரே குனிந்து, திருவேங்கடம் ரோட்டில் மத்தியான வெயிலில் மிதிப்பதைப் போல ஒரே கணக்காக மிதித்தேன். ஒவ்வொருவராக எனக்குப் பின்னால் போனார்கள். முன்னால் போகிற என்னைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு நாலைந்து பேர் ஒட்டிக்கொண்டு வந்தது பிறகுதான் தெரிந்தது. காலையில் ஊசி என்று கேட்டவனும் அதில் ஒருத்தன்.

புளியங்குடிக்குப் பாதி வழியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களைக் கடந்தது. பின்னால் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டு வந்தவர்களில் இரண்டு பேர் பாய்ந்து போய் அதைப் பிடித்தார்கள். சைக்கிள்கள் தானாகப் போக ஆரம்பித்தன.

"அக்கா, பிடிங்க! யாரு பாக்கா? புளியங்குடி வரைக்கும் மிதிக்காண்டாம்!"

கயிற்றின் நுனி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஆடியது. தொடை இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. பிடிக்கலாம் என்று தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஒரு கை ஹாண்டில்பாரை விட்டு எழும்பவும் செய்தது. அப்போது அந்த அதிகாரியின் குரல் காதில் விழுந்தது, எங்க உக்காந்து எழுதுனது என்று. கயிற்றைப் பிடித்தால் அவர் சொன்னதை நானே உண்மையாக்கிவிடுவேன்.

"நீங்க போங்க. எனக்கு வேண்டாம்" என்று கத்தினேன். டிராக்டர் போய்விட்டது. வாய் நிறைய வைக்கோல் தூசிதான் மிச்சம்.

புளியங்குடியில் வடக்கே திரும்பியதும் காற்று இடது பக்கமாக மாறியது. மலையடிவாரம். முகத்தில் சாரல் விழுந்தது. நாற்பது பேருக்கு மேல் பின்னால் தள்ளியிருந்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தோஷம் ஒரு கிலோமீட்டர் நீடித்திருக்குமா? முன்சக்கரம் தொய்ந்து தடதடவென்று ஆடியது. இறங்கிப் பார்த்தால் ஒரு விரல் நீள உடைமுள்.

ரோட்டோரத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டேன். முள்ளைப் பிடுங்கி, டயரைப் பிரித்து, டியூபை வெளியே இழுத்து, வயலுக்குப் போகும் வாய்க்காலில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்தேன். நான் தாண்டி வந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் மணியடித்தார்கள். சாரல் ஈரத்தில் சொல்யூஷன் ஒட்டவில்லை. முந்தானையால் துடைத்துத் துடைத்து மூன்றாவது தடவைதான் பிடித்தது. பம்பு அடித்துக்கொண்டிருக்கும்போது மன்றத்து வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே அவர்களுடைய சைக்கிள்கள்.

டிரைவர் பக்கத்தில் இருந்தவர் இறங்கி வந்தார். "ஏறுங்கம்மா. உங்களுக்குப் பின்னால யாரும் இல்ல. இதுவரைக்கும் வந்ததே பெருசு."

"யாருக்குப் பெருசு?"

"இல்லம்மா, ஒரு பொம்பளையா இருந்து..."

"எனக்கு இது பெருசு இல்ல. நீங்க போங்க, நான் வாரேன்."

"நாங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்க முடியாது."

"நிக்கச் சொன்னனா?"

வேன் போய்விட்டது. இனி விழுந்தாலும் தூக்க ஆளில்லை. ஆனால் ஏழு வருடமாக என் பின்னால் எந்த வேனும் வந்ததில்லையே என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறி மிதித்தேன்.

வாசுதேவநல்லூருக்குள் நுழைந்தபோது, திரும்பும் இடத்தில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். மேஜை இல்லை, ஆள் இல்லை. தரையில் சோடா பாட்டில் மூடிகள் கிடந்தன. சீல் இல்லாமல் திரும்பினால் நான் பாதியில் திரும்பியவள் ஆகிவிடுவேன். அதிகாரி சொல்வதற்கு முன்னால் ஊரே சொல்லும்.

வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்டேன். "கமிட்டிக்காரவுகளா? அங்கன கிளப்புக் கடையில இட்லி தின்னுக்கிட்டிருக்காவ" என்று கை காட்டினார்.

சைக்கிளோடு ஓட்டல் வாசலுக்குப் போனேன். உள்ளே சட்டையில் மன்றத்து பேட்ஜ் குத்திய இரண்டு பேர் சாம்பாரில் கை வைத்திருந்தார்கள். அட்டையை மேஜையில் வைத்தேன்.

"சீல் குத்துங்க."

"எல்லாரும் திரும்பியாச்சேம்மா! நேரம் முடிஞ்சு போச்சு. சீலு பைக்குள்ள கட்டி வச்சாச்சு."

"நேரம்னு நோட்டீஸ்ல ஒண்ணும் போடல. பைய அவுங்க."

"சாப்பிட்டுட்டு..."

"நீங்க சாப்பிடுங்க. சீல எங்கிட்ட தாங்க, நானே குத்திக்கிடுதேன்."

பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு விவசாயி, "ஏ, குத்திக் குடுத்து அனுப்புங்கய்யா. மழைக்குள்ள அந்தப் பிள்ள மிதிச்சு வந்திருக்கு, நீங்க இட்லிக்கு உக்காந்தது தப்பு" என்றார். ஒருவர் இடது கையாலேயே பையை அவிழ்த்து, பேடில் அமுக்கி, அட்டையில் குத்தினார். மங்கலாக விழுந்தது. "இன்னொண்ணு" என்றேன். இரண்டாவது நன்றாக விழுந்தது.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். புளியங்குடி தாண்டிக் கிழக்கே முகத்தைத் திருப்பியதும், காலையில் என்னை அறைந்த அதே காற்று இப்போது முதுகில் கை வைத்துத் தள்ளியது. சேலை பாய் மாதிரி உப்பியது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை. தசை பிடித்து உட்கார்ந்திருந்தவர்களையும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர்களையும் தாண்டினேன். கடைசியில் பத்தொன்பது பேரைத் தாண்டினேன் என்பது என் கணக்கு. டிராக்டரைப் பிடித்துப் போன இரண்டு பேரில் ஒருவன் ஒரு பாலத்துச் சுவரில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஊருக்குள் வந்தபோது பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். மேடையில் யாரோ மைக்கில் இளைஞர்களின் ஆற்றலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லைக் கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள். நான் மணியை அடித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போனேன். ஆட்கள் விலகினார்கள். மேடைக்கு அடியில் இருந்த மேஜை வரைக்கும் இறங்காமல் ஓட்டிப் போய், அட்டையைச் செயலாளர் முன்னால் போட்டேன்.

"எண்பத்தி மூணு. வரவு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு சீல். என் முகத்தைப் பார்த்தார், கிரீஸ் கையைப் பார்த்தார். அட்டையில் 'முடித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மன்றத்து சீலையும் குத்தித் திருப்பிக் கொடுத்தார். மைக்கில் சொல்லவில்லை. கூட்டத்தில் பின்னால் நின்ற பூக்காரப் பெண்கள் சிலர் மட்டும் கை தட்டினார்கள்.

வெளியே வந்தால் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். வரமாட்டேன் என்றவர்தான். "விடு, நான் உருட்டிட்டு வாரேன்" என்று ஹாண்டில்பாரைப் பிடித்தார்.

"வேண்டாம். வீடு வரைக்கும் ஓட்டிருவேன். வேணும்னா பின்னால ஏறிக்கோங்க."

அவர் ஏறவில்லை. ஆனால் சிரித்தார். அன்றைக்கு ராத்திரிச் சோறு அவர்தான் வடித்தார். அதைப் பெரிய விஷயமாக நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மறுநாள் தடுப்பூசி நாள். இரண்டு காலும் மரக்கட்டை. ஆனாலும் போனேன். போகாவிட்டால் அந்த ஐம்பது கிலோமீட்டருக்கு மதிப்பில்லை.

அடுத்த கூட்டத்தில் அட்டையை ஒரு மனுவில் குத்தி அதிகாரியிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது விளையாட்டும்மா. இத ஆபீஸ் ஃபைல்ல வைக்க முடியாது."

"உங்க சந்தேகத்த ஃபைல்ல வச்சிருக்கீங்கள்லா சார்? அதுக்குப் பக்கத்துல வைங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து சென்டர் நர்ஸ் எழுந்து, "எனக்கும் நாலு ஊரு சார். நானும் சைக்கிள்லதான் போறேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். அவர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இனிவரும் காலங்களில் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.' எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று தெரிவிக்கும்படி பதில் எழுதினேன். வேண்டாம், முடிந்த கதையைக் கிளறாதே என்று எல்லாரும் சொன்னார்கள். எழுதினேன், ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

மறுவருடமும் மன்றத்தார் போட்டி நடத்தினார்கள். 'ஆண்கள் மட்டும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். போய்க் கேட்டேன். செயலாளர் கண்ணைப் பார்க்காமல், "கமிட்டி முடிவும்மா" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் விசில் ஊதுவதற்கு அரை மணி நேரம் முன்னால், நானும் அந்த இரண்டு நர்ஸ்களும் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தியுமாக நாலு பேர் மேற்கே கிளம்பினோம். புளியங்குடிக்கு முன்னால் ஆண்கள் எங்களை எட்டினார்கள். செயலாளர் ஸ்கூட்டரில் வந்து பக்கத்தில் மெதுவாக ஓட்டினார்.

"என்னம்மா இது? நம்பர் இல்லாம நீங்க ஓட்டக் கூடாதே."

"நாங்க உங்க போட்டியில இல்லையே அண்ணாச்சி. ரோட்டுலதான போறோம்?"

அவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். பிறகு, "இன்னைக்குக் காத்து ரொம்ப. ஓரமாப் போங்க" என்றார்.

நாங்கள் ஓரமாகப் போகவில்லை.